என் எக்ஸெல்லில் விட்டுப்போன ஒரு வரி: வேப் கடையா, ஆன்லைனா?

2018-ல் இங்கிலாந்தில் மிட்லண்ட்ஸ் பக்கம் ஒரு சின்ன ஊரில் ஆன்சைட்டில் இருந்தேன். கூட இருந்த ரூம்மேட் என் காலேஜ் பேட்ச்மேட். ஒரு நாளைக்குப் பதினைந்து சிகரெட் பிடிப்பான். ஊரில் அவன் மனைவி மாசமாக இருந்தார். "குழந்தை பொறக்கறதுக்குள்ள விட்டுடறேன்னு சொல்லிட்டேன்டா" என்றான். சூயிங்கம், பேட்ச் எல்லாம் முன்பே முயன்று தோற்றவன். இந்தத் தடவை கடைத்தெருவில் இருந்த வேப் கடைக்குப் போனான். துணைக்கு நானும் போனேன்.

அந்தக் கடையில் நடந்ததையும், அதற்குப் பிறகு நான் போட்ட ஒரு கணக்கையும், அந்தக் கணக்கு எங்கே தப்பியது என்பதையும் எழுதி வைக்கலாம் என்று நெடுநாளாக யோசனை. "உள்ளூர்க் கடையை ஆதரியுங்கள்" என்று எல்லா ஊரிலும் சொல்கிறார்கள். அதில் எவ்வளவு பாசம், எவ்வளவு கணக்கு என்று பிரித்துப் பார்க்க வேப் கடை ஒரு நல்ல உதாரணம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் இ-சிகரெட் 2019-ல் தடை செய்யப்பட்டது. விற்பது, இறக்குமதி செய்வது, விளம்பரம் செய்வது எல்லாமே குற்றம். முதல் தடவைக்கே ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். எனவே இங்கே "எங்கே வாங்குவது" என்ற கேள்விக்கே இடமில்லை. நான் எழுதுவது பிரிட்டன் கதை. அங்கேயும் மருத்துவர்கள் சொல்வது இதுதான்: சிகரெட் பிடிப்பவர் இதற்கு மாறினால் தீங்கு குறையும். பிடிக்காதவர் இதைத் தொடவே கூடாது.

அந்தக் கடையில் என்ன விற்றார்கள்?

வேப் கருவியில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. ஒரு பேட்டரி, ஒரு சின்ன கம்பிச் சுருள், அதைச் சுற்றிப் பஞ்சு, பஞ்சை நனைக்க ஒரு திரவம். பட்டனை அழுத்தினால் சுருள் சூடாகும், பஞ்சில் ஏறிய திரவம் ஆவியாகும். திரவத்தில் இருப்பது புரொப்பிலீன் கிளைக்கால், காய்கறி கிளிசரின், நிகோடின், வாசனை. புகையிலை எரிவதில்லை. அதனால் தாரும் கார்பன் மோனாக்சைடும் இல்லை. இதற்காக இது சுத்தமான காற்று ஆகிவிடாது. ஆனால் சிகரெட்டோடு ஒப்பிட்டால் வேறு தரம்.

கடையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா இருந்தார். கருவி எதையும் எடுத்துக் காட்டவில்லை. இரண்டு கேள்வி கேட்டார். ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட்? காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட்? "பல்லு தேய்க்கிறதுக்கு முன்னாடியே" என்று அவன் உண்மையைச் சொன்னான். அவர் தலையாட்டிவிட்டு ஒரு பேனா மாதிரி கருவியை எடுத்தார். 1.2 ஓம் சுருள், கிளைக்காலும் கிளிசரினும் பாதிக்குப் பாதி இருக்கும் திரவம், மில்லிக்கு 12 மில்லிகிராம் நிகோடின். புதுச் சுருளில் நாலு சொட்டு விட்டுப் பத்து நிமிடம் ஊற விட வேண்டும், இல்லையென்றால் பஞ்சு கருகும் என்று செய்து காட்டினார். சிகரெட் மாதிரி சுருக்கென்று இழுக்காமல் மெதுவாக இழுக்கச் சொன்னார். இருபது நிமிடம் ஆனது.

பல வருடம் கழித்து நிகோடின் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு இடத்தில் நின்றுவிட்டேன். ஒருவர் எவ்வளவு தூரம் அடிமை என்று அளக்க ஆராய்ச்சியாளர்கள் 1989 முதல் பயன்படுத்தும் ஒரு குறியீடு இருக்கிறது. அதில் மொத்தமே இரண்டு கேள்விதான். நாளைக்கு எத்தனை, எழுந்ததும் எவ்வளவு நேரத்தில் முதலாவது. அந்த அம்மா கேட்ட அதே இரண்டு. அவர் அதைப் படித்துத் தெரிந்துகொண்டாரா, ஆயிரம் பேரைப் பார்த்துத் தெரிந்துகொண்டாரா என்று எனக்குத் தெரியாது. எதுவானாலும் அந்த இருபது நிமிடத்துக்கு அவர் பில் போடவில்லை. கருவிக்கும் திரவத்துக்கும் மட்டும்தான் காசு.

என் கணக்கு

நண்பன் மூன்று வாரம் ஒரு சிகரெட்கூடத் தொடவில்லை. எனக்கோ கை சும்மா இருக்காது. எக்ஸெல்லைத் திறந்தேன்.

கடையில் 10 மில்லி பாட்டில் 4 பவுண்ட். மாதம் பத்து பாட்டில், 40 பவுண்ட். ஐந்து சுருள் கொண்ட பாக்கெட் 12 பவுண்ட். ஆக 52. ஆன்லைனில் 60 மில்லி பாட்டில் 13 பவுண்டுக்கே கிடைத்தது. இரண்டு வாங்கினால் 26, அதே சுருள் 8. மொத்தம் 34. மாதம் 18 பவுண்ட் மிச்சம், வருடத்துக்கு 216. திரவமும் 20 மில்லி கூடுதல். "டேய், அந்தக் கடைல உனக்கு நல்லா மொட்டை அடிக்கிறாங்க" என்று சொல்லி நானே ஆர்டர் போட்டுக் கொடுத்தேன்.

பார்சல் வந்தது. முதல் நாளே கருகல் வாடை. சுருளை மாற்றினான், மறுபடி கருகல். ஆவி வந்தாலும் மனசு அடங்கவில்லை என்றான். "இழுத்துக்கிட்டே இருக்கேன்டா, ஒண்ணுமே ஆகல." நாலாவது நாள் ஆபீஸ் வாசலில் யாரிடமோ ஒரு சிகரெட் வாங்கினான். அன்று மாலை ஒரு பாக்கெட்.

இணையதளத்தில் எந்தப் பொய்யும் இல்லை. எல்லா விவரமும் அட்டவணையாக இருந்தது. படித்தவனுக்கு, அதாவது எனக்கு, அதன் அர்த்தம் தெரியவில்லை. பிறகு உட்கார்ந்து புரிந்துகொண்டது இது.

ஐரோப்பிய யூனியனின் 2014 ஆணையை ஒட்டி பிரிட்டன் 2016 மே 20 முதல் ஒரு விதி கொண்டுவந்தது. நிகோடின் உள்ள திரவம் 10 மில்லிக்கு மேல் ஒரே பாட்டிலில் விற்கக்கூடாது. மில்லிக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் நிகோடின் கூடாது. டேங்க் 2 மில்லிதான். உற்பத்தியாளர்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நிகோடின் இல்லாத திரவத்தைப் பெரிய பாட்டிலில் முழுசாக நிரப்பாமல் விற்பது. கூடவே 18 மில்லிகிராம் நிகோடின் உள்ள ஒரு 10 மில்லி பாட்டில். வாங்குபவர் இரண்டையும் கலந்துகொள்ள வேண்டும். இதற்கு ஷார்ட்ஃபில் என்று பெயர். 50 மில்லியில் பூஜ்யம், 10 மில்லியில் 180 மில்லிகிராம். கலந்தால் 60 மில்லியில் 180, அதாவது மில்லிக்கு 3. நண்பனுக்குத் தேவை 12. நான் வாங்கித் தந்தது அதில் கால் பங்கு.

அடுத்தது கிளிசரின். நான் வாங்கியதில் அது 70%. கிளிசரின் கெட்டியானது. அரிக்கேன் விளக்கில் மண்ணெண்ணெய்க்குப் பதில் விளக்கெண்ணெய் ஊற்றினால் என்ன ஆகும்? திரியில் எண்ணெய் ஏறுவதற்குள் திரி கருகும். அதேதான் இங்கேயும். சின்னக் கருவியின் சின்னத் துளைகள் வழியாக அந்தத் திரவம் பஞ்சுக்குப் போய்ச் சேரவில்லை.

அப்படியானால் அந்த 3 மில்லிகிராம் பாட்டில் யாருக்கு? பெரிய கருவிக்காரர்களுக்கு. ஓமின் விதியை எடுத்துக்கொள்ளுங்கள். 3.7 வோல்ட், 1.2 ஓம் என்றால் சுமார் 11 வாட். அதே வோல்ட்டில் 0.3 ஓம் என்றால் 45 வாட்டைத் தாண்டும். நாலு மடங்கு சக்தி, மேகம் மாதிரி ஆவி. ஒரு இழுப்பில் அவ்வளவு திரவம் ஆவியானால் மில்லிக்கு 3 மில்லிகிராமே போதும். இரண்டும் நல்ல பொருள்தான். ஒன்றின் திரவத்தை இன்னொன்றில் ஊற்றக்கூடாது, அவ்வளவுதான். பி.இ. படித்த எனக்கு ஓமின் விதி தெரியும். அது இந்தப் பாட்டிலில் ஒளிந்திருக்கிறது என்பது தெரியாது.

நண்பன் மறுபடி நிறுத்த பன்னிரண்டு நாள் ஆயிற்று. அன்றைய விலையில் ஒரு பாக்கெட் ஏறக்குறைய 10 பவுண்ட். நாளைக்கு முக்கால் பாக்கெட் என்றால் ஏழரை. பன்னிரண்டு நாளுக்கு 90 பவுண்ட். நான் மிச்சம் பிடிக்க நினைத்த ஐந்து மாதப் பணம் பன்னிரண்டு நாளில் போய்விட்டது. ஊரில் கொடுத்த வாக்கை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று எக்ஸெல்லுக்குத் தெரியாது.

ஏன் இந்த வரி எல்லோர் கணக்கிலும் விட்டுப்போகிறது?

சிகாகோ பொருளியலாளர் லெஸ்டர் டெல்சர் 1960-ல் ஒரு கட்டுரையில் இதை விளக்கினார். சில பொருள்களை விற்க முன்கூட்டியே ஒரு சேவை தேவைப்படும். விளக்கிச் சொல்வது, செய்து காட்டுவது. அந்தச் சேவைக்குத் தனி விலை கிடையாது. பொருளின் விலையில்தான் அது ஒளிந்திருக்கும். அப்போது வாடிக்கையாளர் என்ன செய்வார்? விளக்கத்தை இந்தக் கடையில் கேட்டுவிட்டு, பொருளை விளக்கம் தராத மலிவான கடையில் வாங்குவார். எல்லோரும் அப்படியே செய்தால் விளக்கம் சொல்லும் கடைதான் முதலில் நஷ்டப்படும். கடைசியில் விளக்கம் சொல்ல ஆளே இருக்காது.

நான் செய்தது அச்சு அசல் இதுதான். 4 பவுண்ட் பாட்டிலில் ஒரு பகுதி திரவத்தின் விலை. இன்னொரு பகுதி அந்த இருபது நிமிடத்தின் விலை, தவணை முறையில். நான் தவணையை நிறுத்திவிட்டு "விலை அதிகம்" என்று குறை சொன்னேன்.

புத்தகக் கடைகளுக்காக பிரான்ஸ் இதைச் சட்டம் போட்டே தடுத்தது. 1981-ல் வந்த லாங் சட்டப்படி பதிப்பாளர் வைத்த விலையில் 5 சதவீதத்துக்கு மேல் யாரும் தள்ளுபடி தரக்கூடாது. ஆன்லைன்காரர்கள் இலவச டெலிவரி மூலம் அதைச் சுற்றிப் போனார்கள். எனவே 2023 அக்டோபர் முதல் 35 யூரோவுக்குக் குறைவான புத்தக ஆர்டருக்குக் குறைந்தது 3 யூரோ டெலிவரி கட்டணம் வாங்கியே ஆகவேண்டும் என்று விதித்தார்கள். புத்தகத்துக்கு ஒரு அரசு இப்படி வரிந்துகட்டிக்கொண்டு வரும். நிகோடின் விற்கும் கடைக்கு எந்த அரசும் வராது, வரச் சொல்லிக் கேட்பதும் நியாயமில்லை. ஆகவே அந்தச் செலவை வாடிக்கையாளர் தெரிந்தே ஏற்றுக்கொண்டால்தான் உண்டு.

கடையின் உதவி நிஜமா, என் ஒரு அனுபவம் மட்டுமா?

2019-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஒரு பெரிய பரிசோதனை வெளியானது. இங்கிலாந்தில் புகைப்பதை நிறுத்த உதவும் அரசு மையங்களுக்கு வந்த 886 பேர். ஒரு பாதிக்கு நிகோடின் பேட்ச், சூயிங்கம் வகைகள், இன்னொரு பாதிக்கு இ-சிகரெட். ஓராண்டு கழித்து சிகரெட் இல்லாமல் இருந்தவர்கள் முதல் குழுவில் 9.9%, இரண்டாவதில் 18.0%. எல்லோரும் இந்த எண்களைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் இரண்டு குழுவுக்கும் குறைந்தது நான்கு வாரம் வாராவாரம் நேரில் ஆலோசனை இருந்தது. 18% என்பது கருவி மட்டும் தந்த எண் இல்லை. கருவியும் பக்கத்தில் ஒரு மனிதரும் சேர்ந்து தந்த எண்.

ஈஸ்ட் ஆங்லியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் இன்னொரு வழியில் போனார்கள். வேப் கடைகளிலேயே இருந்து கவனித்தார்கள், வாடிக்கையாளர்களிடம் பேசினார்கள். ஆளுக்கேற்ற பொருளைத் தேர்ந்து தருவதும், பிரச்சினை வந்தால் சரிசெய்து தருவதும், மறுபடி சிகரெட்டுக்குப் போகாமல் இருக்க உதவலாம் என்பது அவர்கள் கண்டது. ஆளைத் தெரிந்த ஒருவர் என்ற உறவும் அதில் சேரும்.

பேட்டரி விஷயத்தில் இது பணத்தைத் தாண்டி பத்திரம் சம்பந்தப்பட்டது. பெரிய கருவிகளில் 18650 என்ற செல் போடுவார்கள். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். முழு சார்ஜில் 4.2 வோல்ட். பாதுகாப்புச் சுற்று இல்லாத கருவியில் 0.15 ஓம் சுருள் போட்டால் 28 ஆம்பியர் ஓடும். நல்ல செல்களே தொடர்ந்து தாங்குவது 20, 25 தான். சந்தைத் தளங்களில் 9,900 எம்.ஏ.எச். என்று அச்சடித்த செல்கள் கிடைக்கும். பெரிய கம்பெனிகள் இந்த அளவில் தருவதே 3,500 சுற்றுவட்டாரம்தான். உறை கிழிந்த செல்லைப் பாக்கெட்டில் சாவியோடு போட்டால் ஷார்ட் ஆகும். விவரம் தெரிந்த கடைக்காரர் செல்லைப் பார்த்ததுமே "இதை இனிமேல் போடாதே" என்பார். பார்சலுக்குக் கண் கிடையாது.

கடைக்காரர் எல்லாம் தெய்வமா?

இல்லை. வாடிக்கையாளருக்குத் தேவையில்லாத பெரிய கருவியைத் தலையில் கட்டும் கடைகள் உண்டு. இங்கிலாந்தில் 2015 அக்டோபர் முதல் 18 வயதுக்குக் கீழே விற்கக்கூடாது, ஆனாலும் விற்று மாட்டிக்கொள்ளும் கடைகளும் உண்டு. கடையின் லாபம் நீங்கள் சிகரெட்டை விடுவதில் இருக்கிறது, வேப்பையும் விடுவதில் இல்லை. இதை மறக்கக்கூடாது.

ஆன்லைனுக்கும் தன் நியாயம் இருக்கிறது. பக்கத்தில் கடையே இல்லாத கிராமத்தில் இருப்பவர், நடமாட முடியாதவர், இரவு ஷிஃப்ட் முடிந்து வருபவர் என்ன செய்வார்கள்? அமெரிக்காவில் 2020 டிசம்பரில் போட்ட சட்டத்தால் வேப் பொருள்களைத் தபாலில் அனுப்புவதே பெரும்பாலும் நின்றுபோனது. சிறுவர்கள் வாங்குவதைத் தடுக்கவே அந்தச் சட்டம். நோக்கம் சரி, ஆனால் தொலைவில் இருந்த பெரியவர்களுக்கும் அதே கதவுதான் மூடியது.

கடையையும் ஒழுங்கான இணையதளத்தையும் விட்டு வேறு வழியில் வாங்கினால் என்ன ஆகும் என்பதையும் அமெரிக்கா 2019-ல் பார்த்தது. நுரையீரல் பாதிப்பு. 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் கணக்கில் வந்தார்கள், அதில் 68 சாவு. முக்கியக் காரணமாகத் தெரியவந்தது வைட்டமின் இ அசிட்டேட். கஞ்சாச் சத்து நிரப்பிய கார்ட்ரிட்ஜ்களில் கலப்படமாகச் சேர்த்தது. பெரும்பாலானவர்கள் அவற்றை வாங்கியது தெரிந்தவர், கைமாற்றுக்காரர் மாதிரி முகவரி இல்லாத வழிகளில். கடையா ஆன்லைனா என்ற கேள்விக்கு முன்னால் வரவேண்டிய கேள்வி, விற்பவருக்கு முகவரி இருக்கிறதா என்பதுதான்.

என் முடிவு

நண்பனுக்காக நான் திருத்திப் போட்ட விதி இது. முதல் கருவி, முதல் திரவம், எந்த மாற்றமானாலும் கடை. பேட்டரி எப்போதும் கடை. பழைய கருவியையும் செல்லையும் குப்பையில் போடாமல் கடையில் திருப்பிக் கொடுப்பது. ஆறு மாதமாக ஒத்துப்போன அதே திரவம், அதே சுருள் என்றால் ஆன்லைனில் வாங்கலாம், ஆனால் மாதம் ஒரு பாட்டிலாவது கடையில். அந்த ஒரு பாட்டில் தர்மம் இல்லை, அடுத்த தடவை கேள்வி கேட்க ஆள் இருக்க வேண்டும் என்பதற்கான பிரீமியம்.

பன்னிரண்டாவது நாள் அவனை மறுபடி அந்தக் கடைக்குக் கூட்டிப்போனேன். அந்த அம்மா டேங்கைத் திறந்து முகர்ந்து பார்த்தார். பாட்டிலை வாங்கி லேபிளைப் படித்தார். யார் வாங்கியது என்று கேட்கவில்லை. நான் சுவரில் இருந்த விலைப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புதுச் சுருளும் பழைய 12 மில்லிகிராம் பாட்டிலும் கொடுத்து, ஒரு மாதம் கழித்து 6-க்கு இறங்கலாம் என்றார். நான்தான் காசு கொடுத்தேன். குழந்தை பிறந்தபோது அவன் 3-ல் இருந்தான், சிகரெட் இல்லை.

சில வருடம் கழித்து வேலையாக அதே ஊருக்குப் போனேன். அந்த இடத்தில் மொபைல் ரிப்பேர் கடை இருந்தது. கண்ணாடிப் பெட்டியில் வரிசையாகக் கலர் கலராக ஒருமுறை வேப்கள். கடையை மூட வைத்தது என்னைப் போன்ற எக்ஸெல்காரர்கள் மட்டும் என்று சொல்ல முடியாது. 2021-க்குப் பிறகு இந்த ஒருமுறை வேப் மளிகைக் கடை, பெட்ரோல் பங்க் எல்லா இடத்திலும் வந்தது. நிரப்ப வேண்டாம், சுருள் மாற்ற வேண்டாம், யாரையும் எதுவும் கேட்க வேண்டாம். விளக்கமே தேவைப்படாத பொருள் வந்தால் விளக்கம் சொல்பவருக்கு என்ன வேலை? 2023-ல் ஒரு மதிப்பீட்டின்படி பிரிட்டனில் வாரத்துக்கு ஏறக்குறைய 50 லட்சம் ஒருமுறை வேப்கள் குப்பைக்குப் போயின. 2025 ஜூன் 1 முதல் அவற்றை விற்பதற்கே தடை வந்துவிட்டது. நிரப்பும் கருவி மறுபடி வந்திருக்கிறது, கூடவே ஓமும் மில்லிகிராமும் கிளிசரின் சதவீதமும்.

அன்று ரிப்பேர் கடைப் பையனிடம் சும்மா கேட்டேன், "நாளைக்குப் பதினைந்து சிகரெட் பிடிக்கிறவருக்கு இதில் எது சரிவரும்?" மாம்பழமும் தர்பூசணியும் நன்றாகப் போகிறது என்றான்.